இடைவேளை கேட்ட மைக்கம்மா

அந்த ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த பெற்றோர் பலருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. முதன்முதலாகப் பெற்றோர் கூட்டத்துக்கு வேலையிலிருந்து நேராக ஓடிவந்தபோது, காதில் மாட்டுகிற ஹெட்செட்டைக் கழுத்திலேயே தொங்கவிட்டபடி வந்து உட்கார்ந்துவிட்டாள். அதன் குட்டி மைக் அவள் தாடைக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது. அன்று அவள் போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவையில்லை என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது தெரியும். அதைவிட மோசமான பெயர்களெல்லாம் உலகத்தில் இருக்கின்றன என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய வேலை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். யாராவது பதறிப்போய் அழைத்தால் எடுத்துப் பேசுவது, என்ன நடந்தது என்று கேட்டு வாங்குவது, வண்டி போய்ச் சேரும்வரை அங்கே இருப்பவர்களின் கையையும் காலையும் குரலாலேயே பிடித்து நடத்துவது. ஜன்னல் இல்லாத நீண்ட அறை. வரிசையாகத் திரைகள். நாற்காலிக் கைப்பிடிகளிலிருந்த பஞ்சை ஆளாளுக்குப் பிய்த்துப் பிய்த்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தெரியும். ஊரில் உள்ள அத்தனை அலறலும் வந்து சேரும் அந்த அறையில் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. மைக்கம்மாவும் அங்கே அப்படித்தான். அடக்கி வைத்ததையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொட்டினாள் போலும்.

கொட்டுவதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய மகள் மூன்றாம் வகுப்பு. குழந்தையில் ஒரு இடத்தில் நிற்காமல் பறந்துகொண்டிருந்ததால் வீட்டில் தும்பி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அந்தத் தும்பி இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் தலைமையாசிரியை ஒரு மாற்றம் செய்தார். பள்ளியின் தேர்ச்சி குறைந்துவிட்டதென்று மேலிடத்திலிருந்து பேச்சு வாங்கியிருந்தார் அவர். காலையில் பிள்ளைகள் முற்றத்தில் ஓடித் திரியும் இடைவேளையை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் வகுப்பிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைத் திருத்த வேண்டும் என்றார். சாயங்காலம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பாடமும் கூடியது. பெற்றோரில் பாதிப் பேருக்கு ஏகச் சந்தோஷம்.

தும்பி நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். கடிக்க நகம் இல்லாமல் போனதும் விரல் தோலைக் கடித்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரே கணக்கை எழுதி, அழித்து, எழுதி, தாள் கிழிந்த ஒரு மாலையில், கிழிந்த இடத்தின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நான் எப்ப ஓடறது?"

அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு மைக்கம்மா அப்படியே நின்றாள்.  மறுவாரக் கூட்டத்துக்குத்தான் ஹெட்செட்டோடு போனாள்.

அவளுக்கு நேர் எதிரே நின்றவர் கண்ணாடிக்காரர். பள்ளிக்கு எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று என்று எப்போதும் அவர் மேல் மூன்று கண்ணாடிகளாவது இருக்கும். மனைவிக்கு வேறு ஊரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவாள். மகளும் தும்பியின் வகுப்புதான். பிறந்தபோது உருண்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் பட்டாணி.

"இந்தம்மா சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர் அந்தக் கூட்டத்தில். "ஹோம்வொர்க் இருந்தா என் பொண்ணு கடையில ஒரு மூலையில உக்காந்து எழுதுவா. இல்லேன்னா என் கண்ணு அவ மேலயே இருக்கணும். என் கண்ணு கஸ்டமர் கண்ணு மேல இருக்கணும். எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மைக்கம்மா சிரிக்கவில்லை.

"சார், எங்க ஆபீஸ்ல ஒரு மோசமான போன் கால் பேசி முடிச்சா, எழுந்து வெளிய போய் நடந்துட்டு வான்னு துரத்துவாங்க. வளர்ந்தவங்களுக்கே அப்படி. ஏழு வயசுப் பிள்ளை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்துட்டு வந்து, வீட்டுலயும் உக்காரணும்னா எப்படி?"

"ஓடினா விழும். விழுந்தா யார் பொறுப்பு? நீங்களா?"

"விழாம யார் சார் வளந்தாங்க?"

இந்த ஒரு வாக்கியத்தை அவள் பிறகு எத்தனை முறை நினைத்து நினைத்து நொந்துகொண்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒரு வருஷம் போராடினாள். வாசலில் நின்று ஒவ்வொரு பெற்றோரிடமும் பேசினாள். அவள் வருவதைப் பார்த்தாலே சிலர் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்வார்கள். கணவன் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிற மெக்கானிக். அதிகம் பேசமாட்டான். "உனக்கு இந்த ஊர் வம்பெல்லாம் தேவையா?" என்று ஒருமுறை கேட்டான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுமுறை கேட்கவில்லை. கடைசியில் தலைமையாசிரியை இறங்கிவந்தார். வீட்டுப்பாடம் குறையாது, ஆனால் இடைவேளையைச் சோதனையாகத் திறந்துவிடுகிறேன் என்றார். பழைய முற்றம், பழைய சறுக்கு மரம், நடுவில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற உயரமான கம்பிக் கூண்டு. மேற்பார்வைக்கு முறைவைத்து ஒரு டீச்சர்.

முதல் நாள் மணி அடித்ததும் எழுந்த கூச்சலைக் கேட்டு எதிர்க்கடையில் கண்ணாடிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார் என்று தும்பி வந்து சொன்னாள். மைக்கம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

மூன்றாவது வாரம் அந்த அழைப்பு வந்தது.

காலை ஷிப்ட். முதியவர் ஒருவரின் நெஞ்சுவலி அழைப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். அடுத்த மணி. திரையில் முகவரி விழுந்தது. பள்ளித் தெரு. பள்ளிக்கூடம். தும்பியின் பள்ளிக்கூடம். ஆனால் வாய் பழகிய வாய்.

"ஆம்புலன்ஸ் சேவை. என்ன ஆச்சு, சொல்லுங்க."

"ஸ்கூல்ல இருந்து பேசறேன்... ஒரு பொண்ணு மேல இருந்து விழுந்துட்டா... கம்பியில இருந்து... ஐயோ, அசையவே மாட்டேங்கறா..."

தும்பியின் வகுப்பு டீச்சர். பயத்தில் குரல் கிழிந்திருந்தாலும் தெரிந்தது. அந்த டீச்சருக்கு இந்தப் பக்கம் யாரென்று தெரியவில்லை.

பக்கத்து மேசைக்காரர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கட்டை விரலைக் காட்டினார்.

"வண்டி கிளம்பிடுச்சு. போனை வைக்காதீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குழந்தைக்கு என்ன வயசு?"

"எட்டு. மூணாங் கிளாஸ்."

"மூச்சு விடறாளா? நெஞ்சு ஏறி இறங்குதா, பாத்துச் சொல்லுங்க."

"விடறா... விடறா..."

"ரத்தம் எங்கயாவது?"

"நெத்தியில கொஞ்சம். கை ஒரு மாதிரி மடங்கி இருக்கு."

பெயர் என்ன என்று கேட்டிருக்கலாம். ஒரு சொல்தான். யாரும் அவளைத் திட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் பதிலாக அந்தப் பெயர் வந்துவிட்டால் அடுத்த கேள்வி தன் வாயிலிருந்து வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த கேள்விதான் இப்போது அந்தக் குழந்தைக்கு வேண்டும். அது யார் குழந்தையாக இருந்தாலும். நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கூப்பிட்டா கண்ணைத் திறக்கறாளா?"

"லேசா... முனகறா. யாராவது ஓடிப்போய் அவங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்கப்பா! எதிர்க் கடையிலதான் இருப்பார்!"

எதிர்க் கடை.

மைக்கம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வெளியேறியது. அது மைக்கில் பட்டுப் புயல்போல் அவள் காதிலேயே திரும்பக் கேட்டது. என் பிள்ளை இல்லை. அந்த நினைப்பு முழுசாக உருண்டு வருவதற்குள், பின்னாலேயே இன்னொன்று வந்து அறைந்தது. அடிப்பாவி, நிம்மதிப் பெருமூச்சா விடுகிறாய்? அதை ஆராய நேரமில்லை. அந்தப் பக்கம் காலடி ஓசையும் கூட்டத்தை விலக்குகிற சத்தமும் கேட்டன.

"பட்டாணி! அம்மாடி, எழுந்திரு! அப்பா வந்துட்டேன்டா, எழுந்திரு!"

"டீச்சர், அவர் என்ன பண்றார்?"

"தூக்கப் போறாரு!"

"போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் பக்கத்துல வைங்க. சார்! தூக்காதீங்க!"

"யாரு நீ? என் பொண்ணு இவ! ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, நான் தூக்கிட்டு ஓடிடுவேன்!"

"சார், கழுத்துல அடி பட்டிருக்கலாம். தூக்கினா இன்னும் மோசமாயிடும். மண்டி போட்டு உக்காருங்க. அவ தலைக்குப் பின்னால. உக்காந்துட்டீங்களா? ரெண்டு கையாலயும் தலையை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்குங்க. நீங்களும் அசைக்கக் கூடாது, அவளையும் அசைய விடக் கூடாது."

மண்ணில் முழங்கால் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு, அடங்கிய குரலில், "பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.

"அவகிட்ட பேசிக்கிட்டே இருங்க."

அவருக்குப் பட்டாணியிடம் பேச வரவில்லை. வானத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"எல்லாம் அந்த மைக்கம்மா பண்ண வேலை. தலைபாடா அடிச்சுக்கிட்டேன். விளையாட்டு விளையாட்டுன்னு... விழாம யார் வளந்தாங்கன்னு கேட்டா... இப்ப வந்து பாக்கச் சொல்லுங்க அவளை... அவ புள்ளைக்கு இப்படி ஆனா தெரியும்..."

பக்கத்து மேசைக்காரர் மைக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மாறவில்லை.

"சார், கை நடுங்கினா பரவாயில்லை. விடாம பிடிங்க. அவ கண்ணைப் பாத்துப் பேசுங்க. அப்பா இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க. தலையை அசைக்காம அப்படியே படுத்திருன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொன்னார். சைரன் சத்தம் முதலில் மெல்லியதாக, பிறகு எல்லாக் குரல்களையும் விழுங்கிக்கொண்டு வந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து வெளியே வந்தாள். கட்டிடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழைப்பு முடிந்த பிறகு நோயாளி என்ன ஆனார் என்று விசாரிக்கக் கூடாது என்பது அவர்கள் வேலையின் விதி. எத்தனையோ முறை அவளைக் காப்பாற்றிய விதி அன்று மென்னியைப் பிடித்தது.

அன்று மாலைக்குள் விஷயம் பெற்றோர் வழியாகவே வந்துவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிவு. தலையில் பலத்த அடி, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. கழுத்துக்கும் ஆபத்தில்லை. சில நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீட்டில் படுக்கை. தலைமையாசிரியை முற்றத்தைப் பூட்டிவிட்டார். அடுத்த வாரம் அவசரக் கூட்டம்.

கடைத்தெருவில் பார்த்தவர்கள் மைக்கம்மாவைப் பார்க்காத மாதிரிப் போனார்கள். ஒரு அம்மா மட்டும் நின்று, "இப்ப திருப்திதானே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். 

ஆனால் மைக்கம்மாவைக் கலக்கியது தும்பி. பள்ளியிலிருந்து வந்ததும் கை கால் கழுவி, யாரும் சொல்லாமலே சமையலறை மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். முடித்ததும் அம்மாவிடம் வந்து நின்றாள்.

"இன்னும் கணக்கு குடும்மா."

"எல்லாம் முடிச்சாச்சே கண்ணு. போய் விளையாடு."

"வேணாம். கணக்கு குடு."

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டுப் பெருக்கல் வாய்ப்பாடு எழுத ஆரம்பித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, பென்சில் முனை உடைய உடைய. கணவன்தான் அவள் கையிலிருந்து பென்சிலை மெதுவாக உருவினான். "என்னடா தங்கம் இது?" என்றான்.

தும்பி உடைந்துவிட்டாள். தேம்பலுக்கு நடுவே வந்தது. பட்டாணி கூண்டின் பாதியில் நின்றுகொண்டிருந்தாள். தும்பி உச்சியில் உட்கார்ந்துகொண்டு, பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி என்று பாட்டுப் பாடியிருக்கிறாள். பட்டாணி ஏறினாள். கை வழுக்கியது.

"நான் சொல்லலைன்னா அவ ஏறியிருக்க மாட்டா. இனிமே நான் இன்டர்வெல் கேக்கவே மாட்டேன்மா. ஹோம்வொர்க் மட்டும் செய்யறேன்."

அவளைத் தூங்கவைத்துவிட்டுக் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள்.

"அவர்கிட்ட சொல்லணும்," என்றாள் அவள்.

"சொல்லலாம். நாளன்னிக்கு மீட்டிங். அது முடியட்டும். இப்பப் போய்ச் சொன்னா நீ ஒரு வருஷம் ஓடினதெல்லாம் வீண். சொல்றது தப்புன்னு சொல்லலை. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுன்னு சொல்றேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தொந்தரவாக இருந்தது. பெருமூச்சு மைக்கில் பட்டுத் திரும்பிய சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது. ஒன்றை ஏற்கெனவே மறைத்து வைத்திருக்கிறாள். இன்னொன்றுக்கு உள்ளே இடமில்லை.

மறுநாள் மாலை தும்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனாள். சுவர் முழுக்க மூக்குக்கண்ணாடிகள் ஆளில்லாமல் அவர்களையே முறைத்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் கல்லாவிலிருந்து எழுந்தார்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"பட்டாணியைப் பாக்கணும் சார். இவளுக்கு அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மீட்டிங்குக்கு ஆள் பிடிக்க வந்தீங்களா? நல்லா கேட்டுக்குங்க. நாளைக்கு அந்த முற்றத்துக்குச் செங்கல் வெச்சு மூடற வரைக்கும் நான் விடமாட்டேன்."

"சரி சார். அது நாளைக்கு. இது இன்னிக்கு."

தும்பியின் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, பின்பக்கப் படியைக் காட்டினார்.

கடைக்கு மேலேதான் வீடு. ஜன்னலோரக் கட்டிலில் பட்டாணி படுத்திருந்தாள். தோளைச் சுற்றிக் கட்டு, நெற்றியில் பிளாஸ்திரி. தும்பியைக் கண்டதும் முகம் மலர்ந்து, சடாரென்று எழப் பார்த்தாள்.

"எழுந்திருக்காதே!" என்றாள் மைக்கம்மா. "தலையை அசைக்காம அப்படியே படுத்திரு."

அந்த வார்த்தைகள் அவளறியாமல் வேலைக்குரலில் வந்துவிட்டன. தாழ்வாக, சமமாக, மறுபேச்சுக்கு இடமில்லாமல்.

கண்ணாடிக்காரர் படியின் கடைசிக் கட்டையிலேயே நின்றுவிட்டார். நெற்றிக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

இதற்குள் தும்பி கட்டிலருகே நின்று, ஒரே மூச்சில், தான் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதால்தான் இப்படி ஆனது என்று ஒப்பித்து முடித்திருந்தாள். பட்டாணிக்கு மன்னிக்கிற எண்ணமே இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"நீ சொன்னதுக்காக ஒண்ணும் ஏறலை. நானாத்தான் ஏறினேன். அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை மேல வரைக்கும் போயிருக்கேன். நீ அப்ப தண்ணி குடிக்கப் போயிருந்தே."

"எப்ப?" என்று அலறினார் அப்பா. "எப்பப் போனே?"

பட்டாணி சட்டென்று வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது மைக்கம்மாவுக்கு. ஆனால் கண்ணாடிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் போன்ல..." என்றார். குரல் இறங்கிவிட்டது. "தலையைப் பிடிச்சுக்கச் சொன்னது..."

"யார் பேசினாங்க, என்ன பேசினாங்கன்னு எங்க வேலையில வெளிய சொல்லக் கூடாது சார்."

"நான் அப்ப என்னென்னமோ சொன்னேன். உங்க பிள்ளையைப் பத்தியும்..."

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை சார்."

அது பொய் என்பது இருவருக்குமே தெரியும். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மகளின் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் சொன்னார். தூக்காம விட்டது நல்லதுன்னு." போர்வை விளிம்பை இழுத்துச் சரிசெய்தார். "ஆனா நாளைக்கு நான் எதிர்த்துத்தான் பேசுவேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"பேசுங்க," என்றாள் அவள்.

கூட்டம் முதலாம் வகுப்பு அறையில் நடந்தது. பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் பெற்றோர். காற்றே வராத அறை. தலைமையாசிரியை வாயைத் திறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. படிக்க அனுப்பினோமா, எலும்பு முறிக்க அனுப்பினோமா என்றார் ஒருவர். அப்படியென்றால் உங்கள் வீட்டில் மாடிப்படியையும் இடித்துவிடுங்கள் என்றாள் ஒரு அம்மா. என் பையன் ஓடிவிட்டு வந்தால்தான் உட்கார்ந்து படிக்கிறான் என்றார் இன்னொருவர். என் பையன் ஓடிவிட்டு வந்து தூங்கிவிடுகிறான் என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். குரல்கள் ஏறின. ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. யாரோ மைக்கம்மாவின் பெயரைச் சொல்லிக் கை நீட்டினார்கள்.

அவள் எழுந்தாள். 

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் குழந்தையைக் கேலி பண்ணி மேல ஏறச் சொன்னது என் பொண்ணு. இதை நீங்க வேற யார் மூலமாவும் கேக்கக் கூடாது."

அறை வெடித்தது. பாத்தீங்களா, பாத்தீங்களா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவள் பக்கம் நின்றவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூலையில் நின்றிருந்த கணவனைப் பார்த்தாள். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"கொஞ்சம் இருங்க," என்று கண்ணாடிக்காரர் எழுந்தார். அடிபட்ட பிள்ளையின் அப்பா என்பதால் எல்லோரும் அடங்கினார்கள். "இந்தம்மா நேத்தே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாங்க. ஆனா என் பொண்ணு அதை ஒத்துக்க மாட்டேங்கறா. தானா ஏறின பேரைத் தட்டிட்டுப் போகப் பாக்கறாங்கன்னு சண்டை போடறா."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குப் பிரச்சினை அது இல்லை. அன்னிக்கு அந்த முற்றத்துல எத்தனை பிள்ளைங்க? பாத்துக்க ஒரே டீச்சர். அவங்க அந்தப் பக்கம் மூக்குல ரத்தம் வந்த பையனைப் பாத்துட்டு இருந்தாங்க. டீச்சரைக் குத்தம் சொல்லலை. கண்ணு பத்தாத இடத்துல பிள்ளைங்களை விடக் கூடாதுன்னு சொல்றேன். மூடணும்னுதான் நான் கை தூக்குவேன்."

தூக்கினார். கைகள் எழுந்தன. தலைமையாசிரியை எண்ணினார். பிறகு திறக்க வேண்டும் என்பவர்களை எண்ணினார். சந்தேகமாகி மறுபடியும் எண்ணினார். மைக்கம்மாவுக்குக் காதில் இரைச்சல். திறக்கத்தான் கொஞ்சம் அதிகம் கைகள். மயிரிழை.

"ஆனா ஒரு நிபந்தனை," என்றார் தலைமையாசிரியை. "தினமும் இடைவேளைக்குப் பெற்றோர்ல ரெண்டு பேர் முற்றத்துல நிக்கணும். ஆள் வராத நாள் மணி அடிக்காது. யாரெல்லாம் வருவீங்க?"

திறக்க வேண்டும் என்று கை தூக்கியவர்கள் எல்லாம் அந்தக் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை, ஷிப்ட், கைக்குழந்தை. மைக்கம்மா மறுபடி கை தூக்கினாள். தனக்கு வார விடுமுறையும் மாலை ஷிப்டும் வருகிற நாட்களில் நிற்க முடியும். மற்ற நாட்கள்?

"மத்த நாள் நான் நிக்கறேன்," என்றார் கண்ணாடிக்காரர். எல்லோரும் திரும்பினார்கள். "என்ன பாக்கறீங்க? மூடணும்னுதான் சொன்னேன். நீங்க மூட மாட்டேங்கறீங்க. அப்ப யாராவது ஒழுங்கா பாக்கணும் இல்ல?"

அதன் பிறகு வேறு வழியில்லாமல் இன்னும் சில கைகள் எழுந்தன.

கூண்டின் மேல்பாதியை வெல்டிங் தெரிந்த ஒரு அப்பா அறுத்து எடுத்துவிட்டார். அடியில் ரப்பர் விரிப்பு போட்டார்கள். வீட்டுப்பாடம் குறையவில்லை. போன நேரத்தை ஈடுகட்ட வேண்டுமென்று தலைமையாசிரியை ஒரு பக்கம் கூட்டிவிட்டார். மைக்கம்மா அதற்கும் சண்டைக்குப் போனாள், தோற்றாள். தும்பி தானாகக் கணக்குக் கேட்பது சில வாரங்களில் நின்றது. நகம் கடிப்பது நிற்கவில்லை.

கண்ணாடிக்காரரும் மைக்கம்மாவும் சேர்ந்து நிற்கிற நாட்களில் முற்றத்தின் இரு மூலைகளிலும் நின்றுகொண்டு வீட்டுப்பாடத்தைப் பற்றி உரக்க வாதாடுவார்கள். அவருடைய கருத்து அணுவளவும் மாறவில்லை. "ஓடறதுக்கு நீங்க சொன்னீங்க, சரி. எழுதறதுல கை வைக்காதீங்க," என்பார். ஒருவர் பேசும்போதும் மற்றவருடைய பார்வை பிள்ளைகளைவிட்டு நகராது.

பட்டாணி முற்றத்துக்குத் திரும்பிய நாள் இருவருக்குமே முறை. கட்டு அவிழ்த்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மணி அடித்ததும் மற்றவர்கள் ஓடினார்கள். அவள் நடந்தாள். தும்பி அவளோடு ஒட்டிக்கொண்டு நடந்தாள். இருவரும் குள்ளமாகிப்போன கூண்டின் முன்னால் போய் நின்றார்கள். கண்ணாடிக்காரர் பேச்சை நிறுத்தினார். பைக்குள் இருந்த கைகள் முஷ்டியாவது துணிக்கு மேலே தெரிந்தது. மைக்கம்மா அவர் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்து, நின்றுவிட்டாள்.

பட்டாணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவள் முதல் கம்பியில் கால் வைத்தாள். இரண்டாவது கம்பியில் ஏறி உட்கார்ந்தாள். பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து, உடைத்து, பாதியைக் கீழே நின்ற தும்பியிடம் கொடுத்தாள். மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வகுப்புகள் வரிசையாக உள்ளே போயின. கண்ணாடிக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. தெருவைக் கடந்து கடைக்குப் போனார். அங்கே ஒரு பெரியவர் வெகுநேரமாகக் காத்திருந்து கோபத்தில் இருந்தார். மைக்கம்மா முற்றத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அன்று அவளுக்கு மாலை ஷிப்ட். அதற்கு முன் வீட்டுக்குப் போய்ச் சமைத்தாக வேண்டும்.